நடைமாடனுக்கு ஒன்பது ஜோடி

ஒரு வாரமாக இஸ்ரவேல் வாத்தியாருக்குத் தூக்கம் கிடையாது. பகலில் காப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். ஏழேழு நாற்பத்தொன்பது வந்ததும் அப்படியே நின்றுவிடுவார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஜன்னலுக்கு வெளியே மலை சரிந்து சரிந்து இறங்கி, ரொம்பக் கீழே தாமிரவருணி வெயிலில் மினுங்கும். வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த ஆற்றங்கரையில், பாபநாசத்துக்கு அடுத்த பாறையடியூரில், அவருடைய அண்ணன் பலவேசத்தின் மகள் சந்தனமாரிக்குக் கல்யாணம். செய்தி காற்றுவாக்கில் மலைக்கு வந்துவிட்டது. வெற்றிலை பாக்குதான் வரவில்லை.

வராது என்பது அவருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் சுடலைமுத்து. பாளையங்கோட்டையில் மிஷன் படிப்புப் படித்து, வேதத்தில் சேர்ந்து, இஸ்ரவேல் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஊருக்குள் வந்த அன்றைக்கு, செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பலவேசம் ஊசியைக் கீழே வைக்காமலே ஒரு சத்தியம் செய்தார். "இனிமே இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா, நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல." தெருவே கேட்டது. பலவேசம் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அதில் அவருக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு, அந்த நல்ல பெயரால் தம்பிக்குத்தான் கேடு. மறு மாசமே தம்பி மலைத்தோட்டத்து உத்தியோகத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

கடைசியில் வாத்தியாரின் மனைவி கெசியாதான் முடிவு செய்தாள். அவளுக்கு எட்டு மாசம்; மலை இறங்க முடியாது. "போய்ட்டு வாங்க. தூக்கி வளத்த சித்தப்பா நிக்காம அந்தப் புள்ள மணையில ஒக்காரணுமா? வெரட்டுனா திரும்பி ஏறி வாங்க. வழி தெரியாதவுகளா நீங்க?" என்றாள்.

வாத்தியாருக்கு விருந்து வேண்டாம், மரியாதை வேண்டாம். அண்ணன் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும். திட்டாக இருந்தாலும் சரி.

தை மாசத்து வியாழக்கிழமை, பனி விலகுவதற்கு முன்பே கிளம்பினார்கள். அவருக்குத் துணை வன்னியராஜ். தோட்டத்துத் தபால் பையைச் சுமந்து வாரத்துக்கு இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிறவன். கையில் மணி கட்டிய ஈட்டி. அந்த மணிச் சத்தத்துக்குக் கரடி ஒதுங்கிப் போகும் என்பான். அவன் பேசுகிற பேச்சுக்கே கரடி போய்விடும் என்பது வாத்தியாரின் எண்ணம்.

வாத்தியாருக்குப் பிறவியிலேயே இடது கால் ஒரு விரற்கடை குட்டை. ஊரில் இருந்தவரைக்கும் அது வெளியே தெரிந்ததில்லை, வீட்டிலேயே செருப்புத் தைத்தார்கள். இப்போது தோட்டத்துத் துரை கழித்துப்போட்ட பூட்ஸைப் போட்டுக்கொண்டு, இடது பூட்ஸுக்குள் காகிதத்தை மடித்துத் திணித்து ஒரு மாதிரி சமாளித்து வந்தார். இறக்கத்தில் ஒவ்வோர் எட்டுக்கும் அது சரக் சரக் என்றது.

"பூட்ஸுக்குள்ள என்ன வே சத்தம் கேக்கு?" என்றான் வன்னியராஜ்.

"மிஷன் பத்திரிகை."

"எந்த மாசத்துப் பத்திரிகை?"

"அக்டோபர்."

"அதான் பாத்தேன். பழைய சேதியாப் போட்டு மிதிச்சா நடை எப்படி வே முன்னால போகும்? தபால் பையில புதுசு ஒண்ணு கெடக்கு, எடுத்துத் தரட்டா?"

"அது அடுத்தவன் தபால்."

"நீரு ஒரு ஆளு. பொய்யும் சொல்ல மாட்டீரு, ஒரு காயிதத்தையும் தொட மாட்டீரு. ஒம்மகூட நடந்தா எனக்குப் பேச்சுக்குத் துணையே இல்ல."

ஆனாலும் பேசிக்கொண்டேதான் வந்தான். ஏலக்காய்க் காடு முடிந்து ஈற்றை மூங்கில் காடு தொடங்குகிற இடத்தில் வெயில் வந்தது. கருங்குரங்கு ஒன்று மேலே இருந்து இரண்டு பேரையும் பரீட்சை அதிகாரி தோரணையில் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. பாதையில் கல் படிகள். யார் வெட்டியது என்று கேட்டால் ஒருத்தர் சேர ராஜா என்பார், ஒருத்தர் அகத்தியர் என்பார். யார் வெட்டியிருந்தாலும் முழங்கால் உள்ள மனுஷனை மனசில் வைத்து வெட்டவில்லை. வாத்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு மணி நேரத்தில் காணிக்காரர் என்கிற மலைவாசிகளின் குடி வந்தது. பதினைந்து மூங்கில் வீடுகள், நடுவில் ஒரு முற்றம். அவர்களுடைய தலைவரான மூட்டுக்காணி, அவித்த மரவள்ளிக் கிழங்கையும் தேனையும் கொடுத்து உட்காரவைத்தார். ஒரு வீட்டில் யாருக்கோ காய்ச்சல். கொக்கரை என்கிற இரும்புக் குழாயைக் கர் கர் என்று உரசிக்கொண்டு ஒருவர் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிறவரைக்கும் யாரும் உரக்கப் பேசவில்லை, வன்னியராஜ் உட்பட. வாத்தியார் சந்தனமாரிக்கென்று ஒரு மூங்கில் குழல் நிறையத் தேன் கேட்டார். கல்யாணத்துக்கு என்று சொன்னதும் மூட்டுக்காணி கொம்புத் தேனாக எடுத்துவந்து, குழலின் வாயை மெழுகால் அடைத்துக் கொடுத்தார். பதிலுக்குப் புகையிலை வாங்கிக்கொண்டார்.

"யாரு பொண்ணு?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் மகள்."

"அப்ப உன் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் புகையிலையைக் கிள்ளப் போய்விட்டார். இவ்வளவு சுலபமாக இதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரே என்று வாத்தியார் நினைத்தார்.

அந்தத் தைரியத்தில்தான் அடுத்த ஓடையில் அவர் அவசரப்பட்டார். மழைக்காலம் முடிந்து ஒரு மாசந்தான் ஆகிறது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. வன்னியராஜ், "பைய வாரும் வே, கல்லு வழுக்கும்" என்று அக்கரையிலிருந்து சொல்லி வாய் மூடவில்லை. வாத்தியார் தேன் குழலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேவிட்டார். தேன் தப்பியது. இடது பூட்ஸ் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி, காலை மட்டும் வெளியே விட்டுவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பள்ளத்தில் பாய்ந்து போயிற்று. அக்டோபர் மாசத்துப் பத்திரிகை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தது.

வன்னியராஜ் சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தான். முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்லக்கூடாது. வலது காலில் கனத்த பூட்ஸ், இடது கால் வெறுங்கால், அதுவும் குட்டை. ஒரு எட்டுக்கு ஏறுவார், ஒரு எட்டுக்கு இறங்குவார். வலது பூட்ஸையும் கழற்றிப் பார்த்தார். அப்போது இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. அரை மைலுக்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். வன்னியராஜ் சூரியனைப் பார்த்தான்.

"இந்தக் கதியில போனா நாளைக்குத் தாலி கட்டி முடிச்சு, பந்தலப் பிரிக்கையில போய்ச் சேருவோம்."

"நீரு போம், வன்னியராஜ். நான் திரும்பி ஏறிடுதேன்."

"ஏறுதது மட்டும் முடியுமாக்கும். சவத்த விடும் வே. அந்தா வளைவுல மாடன் கோயிலு. அங்கன கொஞ்சம் ஒக்காரும், யோசிப்போம்."

நடைமாடன் கோயில் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரு மருத மரம், அடியில் சாந்து பூசிய ஒரு கல் பீடம், எதிரே இரண்டு தூணில் ஒரு குறுக்குக் கட்டை. அந்தக் கட்டை முழுக்கச் செருப்பு தொங்கும். மாடன் ராத்திரி பூராவும் மலையைச் சுற்றிக் காவல் காக்கிறவர். நடக்கிற சாமிக்குச் செருப்பு வேண்டாமா? அடிவாரத்து ஊர்க்காரர்கள் பங்குனி உத்திரத்துக்கு வந்து, முழங்கை நீளத்தில் புதுச் செருப்பு கட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் வந்து பார்ப்பார்கள். அடி தேய்ந்து, சேறு ஒட்டியிருந்தால் மாடன் போட்டு நடந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வீட்டில் அன்றைக்குப் பொங்கல்.

வாத்தியாருக்கு இதெல்லாம் சின்ன வயசிலிருந்தே தெரியும். அவருடைய அப்பா வருஷா வருஷம் முழங்கை நீளச் செருப்புத் தைத்துச் சுமந்துகொண்டு வந்தவர். ஆனால் வேதத்தில் சேர்ந்த பிறகு, மிஷன் கூட்டங்களுக்காக ஏறி இறங்கும் போதெல்லாம், இந்த வளைவு வந்ததும் முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கீர்த்தனையை உரக்கப் பாடியபடி கடந்துவிடுவார். பழைய சாமியைப் பார்த்தால் எங்கே மனசு இளகிவிடுமோ என்று பயம். அவருக்குக் குரல் வளம் போதாது. மாடன் பொறுத்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

இன்றைக்குப் பாடுவதற்கு மூச்சு இல்லை. மருத மர வேரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வாத்தியாரே, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றான் வன்னியராஜ். "கடைசியில தனியாத் தொங்குதுல்லா, அது பூரா உம்ம அண்ணன் கட்டுனது. ஒம்பது ஜோடி. ஒண்ணுகூட தேயல. எல்லார் செருப்பும் தேயுது, அவரு கட்டுதது மட்டும் புதுசாவே தொங்குது. தம்பி வேதத்துக்குப் போனதால மாடன் அந்த வீட்டுச் செருப்பத் தொட மாட்டேங்காருன்னு ஊர்ல சொல்லுதாவ. வருசா வருசம் உத்திரத்தன்னைக்கு நாலு பேரு மூஞ்சிக்கு நேரயே கேப்பான். மனுசன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மறு வருசம் இன்னொரு ஜோடியத் தூக்கிட்டு வந்துருவாரு."

இது வாத்தியாருக்குப் புதுச் செய்தி. தன்னால் அண்ணனுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் ஊர் நடுவில் தலைகுனிவு. கோபம் இருக்காமல் என்ன செய்யும்? ஒரு வார்த்தை எதிர்பார்த்துப் போகிறோமே, எந்த முகத்தோடு போகிறோம் என்று இருந்தது.

"அதுல ஒரு ஜோடியப் போட்டுக்கிட்டு எறங்கும்" என்றான் வன்னியராஜ்.

"என்ன பேச்சு பேசுதீரு? சாமிக்கு நேந்தது."

"உமக்குத்தான் அது சாமி இல்லையே. நான்தான் பயப்படணும். உம்ம அண்ணன் சொத்து, பங்காளிக்குப் பாதி உண்டு. இரும், எதுக்கும் மாடன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்." அவன் பீடத்துக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியாரின் கால், பூட்ஸ், கல்யாணம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். மரத்தில் பல்லி சொல்லிற்று. "ஆச்சு. போட்டுக்கிடச் சொல்லிட்டாரு."

வாத்தியார் மனசோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். போதகருக்குத் தெரிந்தால் என்ன சொல்லுவார் என்று யோசித்தார். பிறகு இடுப்பு வலியும் சந்தனமாரியும் சேர்ந்து ஜெயித்தார்கள். நொண்டிக்கொண்டு போய்க் கட்டையின் கடைசியில் தொங்கிய ஜோடியை அவிழ்த்தார். போன பங்குனியில் கட்டியது. தோல் இன்னும் விளக்கெண்ணெய் வாடையோடு மெத்தென்று இருந்தது. இரட்டைத் தையல். அப்பா கையிலிருந்து அண்ணன் கைக்கு வந்த தையல், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் சாமிச் செருப்பு இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? மற்றவர்கள் கட்டியதெல்லாம் பக்கத்தில் முழங்கை நீளத்துக்குத் தொங்குகிறது. இது மனுஷக் கால் அளவு. வலது காலை நுழைத்தார். பெருவிரல் வார் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இடது செருப்பைக் கையில் எடுத்தபோது கனம் வித்தியாசமாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். அடித்தோல் மேல் இன்னொரு தோல், அதன்மேல் இன்னொன்று, சரியாக ஒரு விரற்கடை உயரத்துக்கு வைத்துத் தைத்திருந்தது.

வாத்தியார் அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய இரண்டு தோளும் ஒரே உயரத்துக்கு வந்தன.

அவசர அவசரமாக அடுத்த ஜோடியை எடுத்துப் பார்த்தார். அதற்கு அடுத்தது. முதல் வருஷத்து ஜோடி மழையிலும் வெயிலிலும் விறைத்து வெடித்துப் போயிருந்தது. ஒன்பதிலும் இடது அடி ஒரு விரற்கடை தடிப்பு. அண்ணன் ஒன்பது வருஷமும் மாடனுக்கென்று சொல்லி, தம்பியின் காலுக்குத் தைத்து, தம்பி ஏறி இறங்குகிற பாதையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தம்பி மாடனைப் பார்த்துவிடக்கூடாதென்று பள்ளத்தைப் பார்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி சத்தம் போட்டே அழுதார்.

வன்னியராஜ் முதலில் கால் வலி என்று நினைத்தான். பிறகு குனிந்து அந்த இடது அடியைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிற்று. சும்மா நிற்க முடியாமல், வாத்தியார் கழற்றிப் போட்ட வலது பூட்ஸை எடுத்து, காலியான இடத்தில் கட்டித் தொங்கவிட்டான்.

"வெறும் இடமா விடக்கூடாது" என்றான். "மாடனும் துரைமார் பூட்ஸு ஒருக்காப் போட்டுப் பாக்கட்டும்."

அதற்குப் பிறகு மலை தானாக இறங்கியது. வாத்தியார் முன்னால் போகிறார், தபால்காரன் பின்னால் ஓடுகிறான். பாதையோரம் நெல்லி காய்த்துக் கிடந்தது. பறித்துத் தின்றுவிட்டு ஊற்றில் தண்ணீர் குடித்தார்கள், தண்ணீர் இனித்தது. மர இடைவெளிகளில் அருவி ஒரு தடவை தெரிந்தது, ஒரு தடவை சத்தம் மட்டும் வந்தது.

"ஒரு உத்திரத்துல நான் உம்ம அண்ணன்கிட்டக் கேட்டேன்" என்றான் வன்னியராஜ், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஊரெல்லாம் பெருசாத் தைக்கான், நீரு ஏன் சின்னதாத் தைக்கீருன்னு. எனக்குத் தெரிஞ்ச அளவு இதுதாம்லே, போடுதவன் போடட்டும்னாரு. கோட்டிக்காரன்னு நெனச்சேன்."

வாத்தியார் இன்னும் வேகமாக நடந்தார்.

ஆனால் பாபநாசம் தாண்டி, மில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டதும் அந்த வேகம் போய்விட்டது. தைத்தது தைத்ததுதான், சத்தியமும் சத்தியந்தானே. மாடனுக்குத்தான் செருப்பு கட்டுகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம், பேசமாட்டேன் என்று சொன்னதை எப்படி மாற்றுவார்? அதுவும் சம்பந்தக்காரர்கள் வந்திருக்கிற வீட்டில், ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது? வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஊர் எல்லையில் வன்னியராஜ் அவர் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினான்.

பாறையடியூரில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தது. பெண்கள் உள்ளே மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் ஓரத்தில் பலவேசம் கோணிமேல் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய செருப்புக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. வாத்தியார் தேன் குழலோடு வாசலில் நின்றார். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். உலக்கைச் சத்தமும் நின்றது.

முதலில் பேசியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ஐயம்பெருமாள். "காலப் பாருங்க. இது மாடனுக்குக் கட்டுன செருப்புல்லா? போன உத்திரத்துல நான்தானே கூட நின்னேன். வேதக்காரன் சாமி செருப்பப் போட்டுக்கிட்டு கல்யாண வீட்டுக்கு வாரான், பாத்துக்கிட்டு இருக்கீயளே."

கூட்டம் சலசலத்தது. "மாடன் உத்தரவு குடுத்தாரு. நான் சாட்சி" என்று வன்னியராஜ் ஈட்டியை ஊன்றிச் சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் பலவேசத்தைப் பார்த்தார்கள்.

பலவேசம் தம்பியின் முகத்தை ஏறிட்டே பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார், அடியில் ஒட்டியிருந்த மலைச் சேற்றைப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து தம்பிக்கு முன்னால் குந்தினார். ஐயம்பெருமாள் இன்னும் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"குதிங்கால்ல எங்கயும் அழுத்துதா லே?" என்றார் பலவேசம்.

சத்தியம் உடைந்தது ஐயம்பெருமாளுக்குக்கூட விளங்கிவிட்டது.

பத்து மைல் நடந்தும் வாத்தியாரின் காலில் ஒரு சிராய்ப்பு கிடையாது. எங்கேயும் அழுத்தவில்லை. இல்லை என்று சொன்னால் அண்ணன் எழுந்து போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

"ஆமாண்ணே" என்றார். "இடது காலு கொஞ்சம் அழுத்துது."

பலவேசம் மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பியின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாரை அவிழ்க்கத் தொடங்கினார்.